மகளுக்கு 50,000, மீதி விலங்குகளுக்கு: இலாட் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2004 ஜூன் 29 அன்று இங்கிலாந்தில் 70 வயதுப் பெண் ஒருவர் காலமானார். கடனும் செலவும் போக அவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு ஏறக்குறைய 4,86,000 பவுண்டு. கணவர் பல்லாண்டுகளுக்கு முன்பே விபத்தில் இறந்துவிட்டார். ஒரே மகள். உயிலில் அந்த மகளுக்கு ஒரு பென்னிகூட இல்லை. பிபிசி ஊழியர் நல நிதிக்கு 5,000 பவுண்டு. மீதி முழுவதும் மூன்று அமைப்புகளுக்கு: வீட்டு விலங்குகளுக்கு மருத்துவமும் மறுவாழ்வும் தரும் ப்ளூ கிராஸ், பறவைகள் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி., விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ.

மகள் இலாட் வழக்குத் தொடுத்தார். 2007இல் தொடங்கி 2017 மார்ச் 15 வரை ஆறு தீர்ப்புகள் வந்தன. கீழ் நீதிமன்றங்களில் இலாட் எதிர் மிட்சன் என்றும், உச்ச நீதிமன்றத்தில் இலாட் எதிர் ப்ளூ கிராஸ் என்றும் பதிவான வழக்கு இது. விலங்குகள் காப்பகத்துக்குச் சொத்து எழுதிவைக்க நினைப்பவர் உயிலின் எந்த வரி தாங்கும், எது தாங்காது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழக்கு கிடைப்பது அரிது. உயில் செல்லாது என்று இதில் யாருமே வாதிடவில்லை. எழுதியவருக்கு மனத்தெளிவு இருந்தது. கையெழுத்தும் சாட்சிகளும் ஒழுங்காக இருந்தன. அப்படியும் இவ்வளவு காலம் இழுத்தது.

தாயும் மகளும் பிரிந்த கதை சிறியது. 1978இல், 17 வயதில், மகள் வீட்டை விட்டு வெளியேறித் தான் விரும்பியவரோடு வாழப் போனார். பிறகு அவரையே மணந்தார். தாய்க்கு அது ஆறவே இல்லை. அடுத்த 26 ஆண்டுகளில் மூன்று முறை சமாதான முயற்சி நடந்தது, மூன்றும் ஒட்டவில்லை. தாய் தன் கடைசி உயிலை எழுதியது 2002 ஏப்ரல் 16 அன்று. கூடவே ஒரு கடிதம்: மகளுக்கு ஏன் எதுவும் வைக்கவில்லை, அவள் வழக்குப் போட்டால் உயிலின் நிறைவேற்றுநர்கள் எதிர்த்து நிற்க வேண்டும் என்று அதில் விளக்கியிருந்தார். அந்த மூன்று அமைப்புகளோடு அவருக்கு வாழ்நாளில் தனிப்பட்ட தொடர்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னால் எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்ட நுனி இதுதான்.

எந்தச் சட்டத்தில் மகள் வந்தார்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். ஆனால் 1975ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. கணவன், மனைவி, மறுமணம் செய்யாத முன்னாள் துணை, இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தவர், பிள்ளை, பிள்ளையாக நடத்தப்பட்டவர், இறந்தவர் தயவில் வாழ்ந்தவர் ஆகியோர் "எனக்கு நியாயமான ஏற்பாடு செய்யப்படவில்லை" என்று நீதிமன்றம் போகலாம். பிள்ளை என்றால் வயது வரம்பு இல்லை. ஆனால் வளர்ந்த பிள்ளைக்குக் கிடைப்பது சொத்தில் பங்கு அல்ல, பராமரிப்பு மட்டுமே. நம் ஊர் வழக்கில் சொன்னால் ஜீவனாம்சத்துக்குப் பக்கத்தில் வரும் ஒன்று.

மகளின் நிலை நீதிமன்றத்தில் விவரமாக வைக்கப்பட்டது. ஐந்து பிள்ளைகள், வீட்டு வசதிச் சங்கத்தின் வாடகை வீடு, குடும்ப வருமானத்தில் பெரும்பகுதி அரசு உதவித்தொகை. அந்த உதவித்தொகையில் ஒரு கொக்கி உண்டு. கையிருப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் சில உதவிகள் நின்றுவிடும். பெரிய தொகையைக் கையில் கொடுத்தால் ஒரு கையில் வந்தது மறு கையில் போய்விடும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2015 மேல்முறையீட்டிலும் உச்ச நீதிமன்றத்திலும் இது முக்கியக் கேள்வியானது.

ஆறு தீர்ப்புகள்

2007 ஆகஸ்டில் மாவட்ட நீதிபதி 50,000 பவுண்டு கொடுத்தார். தாய் நடந்துகொண்டது நியாயமற்றது, கடுமையானது என்று கண்டார். ஆனால் மகளும் தாயிடமிருந்து எதையும் எதிர்பார்க்காமலேயே இத்தனை ஆண்டு வாழ்ந்து பழகியவர் என்று தொகையைக் கட்டுப்படுத்தினார். மகள் கூடுதல் கேட்டு மேல்முறையீடு செய்தார். அமைப்புகள் எதிர்முறையீடு செய்தன. 2009இல் உயர் நீதிமன்றம், தாய் எந்த ஏற்பாடும் செய்யாதது நியாயக்குறைவு ஆகாது என்று சொல்லித் தொகையைச் சுழியாக்கியது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டி, தொகை எவ்வளவு என்பதை மட்டும் மறுபடி பார்க்கச் சொன்னது. 2014இல் உயர் நீதிமன்றம் பழைய 50,000ஐயே உறுதிசெய்தது. 2015 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரேயடியாக உயர்த்தியது: குடியிருக்கும் வீட்டை வாங்கிக்கொள்ள 1,43,000 பவுண்டு, வாங்கும் செலவு, அதற்கு மேல் வேண்டும்போது எடுத்துக்கொள்ள 20,000 வரை.

அந்த 2015 தீர்ப்புதான் தொண்டு உலகைக் கலங்க வைத்தது. மகளை நீக்கியவர் யாராக இருந்தாலும் அமைப்புகளோடு உள்ள தொடர்பைக் காட்ட வேண்டுமோ, அமைப்புகளுக்கு இந்தப் பணத்தின் மீது எதிர்பார்ப்பு இல்லாததால் அவற்றை எளிதாக ஒதுக்கிவிடலாமோ என்ற வாசிப்புக்கு அது இடம் கொடுத்தது. 2016 டிசம்பரில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு வழக்கைக் கேட்டது. 2017 மார்ச் 15 அன்று ஹியூஸ் பிரபு எழுதிய தீர்ப்பில் 50,000 பவுண்டு உத்தரவு மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. சொத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் சுமார் பத்தில் ஒரு பங்கு.

தீர்ப்பில் காப்பகங்களுக்குப் பயன்படும் புள்ளி ஒன்று உண்டு. தொண்டு அமைப்புகள் உயில்வழி நன்கொடைகளையே பெரிதும் நம்பியிருக்கின்றன; அவற்றின் வேலை பொது நன்மைக்கானது. அதைவிட அடிப்படையானது: இறந்தவர் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். ஆகவே தங்களுக்குப் பணம் எதற்குத் தேவை என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. நாய்களோடும் பறவைகளோடும் உறவு இருந்ததா என்று அளக்கும் போக்கு இதனால் அடங்கியது.

இன்னொரு புள்ளி, 50,000 பவுண்டை மகள் எப்படிப் பயன்படுத்தலாம் என்பது. நைந்துபோன தரைவிரிப்பு, பழைய குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், வீட்டு அலங்காரம் என்று ஒரு குடும்பத்துக்குத் தேவையானவற்றை மாற்றிக்கொள்வதும் பராமரிப்புதான் என்றது நீதிமன்றம். அப்படிச் செலவிட்டால் கையிருப்பு 16,000க்குக் கீழே வந்துவிடும், உதவித்தொகையும் காக்கப்படும். முதல் நீதிபதி இதை யோசிக்கவில்லை என்று 2015இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

அதே அமர்வில் இருந்த ஹேல் சீமாட்டி தனியாக எழுதிய குறிப்பும் கவனிக்கத்தக்கது. இதே உண்மைகளை வைத்துக்கொண்டு ஒரு நீதிபதி எதுவும் தராமலும் இருந்திருக்கலாம், வீடு வாங்கும் அளவு தந்தும் இருக்கலாம், இந்த 50,000ஐத் தந்தும் இருக்கலாம். மூன்றும் செல்லுபடியாகியிருக்கும், ஏனெனில் எதற்கு எவ்வளவு எடை என்று சட்டம் சொல்லவில்லை என்றார். உயில் எழுதுபவருக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது. வழக்கு வந்தபின் விளைவை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வழக்கு வராமல் வைப்பதுதான் உயில் எழுதும்போதே செய்ய முடிந்தது.

மூன்று அமைப்புகளும் ஒரு மகளுக்கு எதிராக இவ்வளவு தூரம் போனது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. அறங்காவலர்களின் கை கட்டப்பட்டிருந்தது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. உயிலில் வந்த பணத்தை "பாவம், மகள்" என்று விட்டுக்கொடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. மனச்சாட்சியின் பேரில் கொடுக்க வேண்டுமானாலும் அப்போது அறக்கொடை ஆணையத்தின் அனுமதி தேவைப்பட்டது. வழக்கின் தோல்வி அபாயத்தைக் கணக்கிட்டு சமரசம் செய்யலாம். அது வேறு விஷயம்.

தாய் எழுதிய கடிதம் வீணா?

வீண் இல்லை. ஆனால் அது கேடயமும் இல்லை. நீதிமன்றம் கேட்ட கேள்வி தாய் நியாயமாக நடந்தாரா என்பதல்ல. முடிவு நியாயமாக இருக்கிறதா என்பது. ஆகவே கடிதம் கோபத்தைக் கொட்டினால் அது பலவீனம். உண்மை விவரங்களைச் சொன்னால் பலம்: எத்தனை ஆண்டு பேச்சு இல்லை, யார் யாருக்கு என்ன உதவி செய்தார்கள், பிள்ளையின் வருமானமும் வீடும் என்ன, அவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்தது எவ்வளவு, காப்பகத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன். கடிதத்தை உயிலோடு வைக்க வேண்டும், உயிலுக்குள் எழுதக்கூடாது. புரோபேட் ஆனதும், அதாவது உயில் சட்டப்படி உறுதிசெய்யப்பட்டதும், அது பொது ஆவணமாகிவிடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அடுத்தது, ஏதாவது கொடுத்துவிடுவது. தாய் உயிலிலேயே ஒரு கணிசமான தொகையை மகளுக்கு வைத்திருந்தால், பத்தாண்டு வழக்கு நடந்திருக்குமா என்பது சந்தேகம். தொகை சின்னதாக இருந்தால் பயனில்லை. வழக்குப் போட்டால் அதை இழப்போமே என்று தயங்க வைக்கும் அளவு வேண்டும். "இந்த உயிலை எதிர்த்து வழக்குத் தொடுத்தால் இப்பங்கு போய்விடும்" என்ற நிபந்தனையை ஆங்கில நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் 5,000 பவுண்டுக்கு அந்த நிபந்தனை போட்டால் யாரும் அஞ்ச மாட்டார்கள்.

வேறு இரண்டு வழக்குகளை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. கில் எதிர் ஆர்.எஸ்.பி.சி.ஏ. வழக்கில் வட யார்க்ஷயரில் 287 ஏக்கர் பண்ணையை ஆர்.எஸ்.பி.சி.ஏ.வுக்கு எழுதிய உயிலை 2009இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. கணவர் மனைவியை நிர்ப்பந்தித்துக் கையெழுத்து வாங்கினார் என்பது காரணம். கூட்டம், வெளியிடம் என்றாலே கடுமையாக அஞ்சும் நோய் அந்த மனைவிக்கு இருந்தது. இங்கே அமைப்பின் மேல் குற்றம் இல்லை. ஆனால் பரிசு போனது. வயதானவர், நோயாளி, துணையின் பிடியில் இருப்பவர் உயில் எழுதினால் வழக்கறிஞர் அவரைத் தனியாகச் சந்தித்துப் பேசி, அந்தப் பேச்சைக் குறித்து வைக்க வேண்டும். மனத்தெளிவு பற்றி மருத்துவரின் எழுத்தும் வாங்க வேண்டும் என்பது அதிலிருந்து வரும் பாடம்.

மற்றொன்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த கிங் எதிர் சில்டெர்ன் நாய்கள் மீட்பு வழக்கு. 1998இல் விலங்கு அமைப்புகளுக்கு உயில் எழுதிவைத்த 81 வயதுப் பெண், கடைசிக் காலத்தில் வீட்டுப் பத்திரங்களைத் தன் உறவினர் ஒருவரிடம் கொடுத்து, தனக்குப் பின் வீடு அவருக்கே என்றார். அதே கருத்தில் தாள்களில் கையெழுத்தும் போட்டார். ஆனால் சட்டப்படி சாட்சிகள் இல்லை. மரணத்தறுவாயில் கொடுத்த கொடை என்று உயர் நீதிமன்றம் ஏற்றது. மேல்முறையீட்டில், சாவு நெருங்குகிறது என்று எண்ணும் குறிப்பிட்ட காரணம் அப்போது அவருக்கு இல்லை என்று அது தள்ளுபடியானது. பழைய உயில் நின்றது. உறவினருக்கு 1975 சட்டப்படி 75,000 பவுண்டு மட்டும். மனம் மாறினால் இரண்டு சாட்சிகள் முன் புது உயில் எழுத வேண்டும். மற்றதெல்லாம் வழக்குக்கான விதை.

உயிலின் வாசகம்

1837ஆம் ஆண்டு உயில் சட்டப்படி கையெழுத்தின்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். உயிலால் பயன்பெறுபவரோ அவர் துணையோ சாட்சியாக இருந்தால் உயில் நிற்கும், அவருடைய பங்கு மட்டும் போகும். காப்பக ஊழியரைச் சாட்சியாக வைத்தால் சட்டப்படி தடை இல்லாவிட்டாலும், "அவர்கள் வற்புறுத்தினார்கள்" என்று பேச இடம் கொடுத்ததாகும். வேண்டாம்.

அமைப்பின் பெயரைப் பதிவு எண்ணோடு எழுதுவது அவசியம். ஆர்.எஸ்.பி.சி.ஏ.வின் எண் 219099, ஆர்.எஸ்.பி.பி. 207076, ப்ளூ கிராஸ் 224392. ஆர்.எஸ்.பி.சி.ஏ.வின் உள்ளூர்க் கிளைகள் பலவும் தனித்தனியாகப் பதிவு பெற்ற அமைப்புகள். "ஆர்.எஸ்.பி.சி.ஏ., எங்கள் ஊர்" என்று மட்டும் எழுதினால் தேசிய அமைப்புக்கா கிளைக்கா என்று சண்டை வரும். ஸ்காட்லாந்தில் அந்தச் சங்கம் இயங்குவதே இல்லை. அங்கே உள்ளது தனியான ஸ்காட்டிஷ் அமைப்பு.

மாதிரி வாசகம் இப்படி அமையும்: "என் மீதிச் சொத்தை இந்தப் பெயரும் இந்தப் பதிவு எண்ணும் கொண்ட அமைப்புக்குக் கொடுக்கிறேன். என் இறப்பின்போது அது கலைந்திருந்தாலோ வேறோர் அமைப்போடு இணைந்திருந்தாலோ, அதே நோக்குள்ள அமைப்புக்கு என் நிறைவேற்றுநர் கொடுக்கலாம். அதன் பொருளாளர் அல்லது உரிய அலுவலர் தரும் ரசீது போதுமானது." மூன்று வாக்கியம்தான். நடுவில் உள்ளதை விட்டுவிட்டு எழுதுவதே பெரும்பாலும் சிக்கலைத் தருகிறது.

குறிப்பிட்ட தொகையா, மீதிச் சொத்தில் விழுக்காடா? 10,000 பவுண்டு என்று எழுதி இருபது ஆண்டு கழித்து இறந்தால் விலைவாசி பாதியைத் தின்றுவிடும். விழுக்காடு அப்படி அல்ல. ஆனால் மீதிச் சொத்தைப் பெறுபவர் கணக்குக் கேட்க உரிமை உள்ளவர். வீட்டை யாருக்கு எந்த விலைக்கு விற்றீர்கள் என்று அமைப்பின் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். உறவினரே நிறைவேற்றுநர் என்றால் முன்பே சொல்லி வைப்பது நல்லது. "பூனைகளுக்கு மட்டும்", "இன்ன ஊர்க் காப்பகத்துக்கு மட்டும்" என்பதைக் கட்டாய நிபந்தனையாக எழுதினால், அந்தக் காப்பகம் மூடிய பிறகு பணம் சிக்கிக்கொள்ளும். விருப்பமாக எழுதினால் போதும்.

வரி இப்படி: பிரிட்டனின் வாரிசுரிமை வரி 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 விழுக்காடு. தொண்டு அமைப்புக்குப் போவதற்கு வரி இல்லை. வரிக்குரிய பகுதியில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ தொண்டுக்குப் போனால் மீதியின் வரி 36 ஆகக் குறையும். இது 2012 ஏப்ரல் 6 முதல் இறந்தவர்களுக்கு. சொத்து 6,25,000 என்று வைத்துக்கொள்ளலாம். வேறு விலக்குகளை விட்டுவிடுவோம். வரிக்குரியது 3,00,000. தொண்டு இல்லையென்றால் வரி 1,20,000, குடும்பத்துக்கு 5,05,000. காப்பகத்துக்கு 30,000 என்றால் மீதி 2,70,000க்கு 36 விழுக்காடு, 97,200, குடும்பத்துக்கு 4,97,800. காப்பகம் 30,000 பெறக் குடும்பம் இழப்பது 7,200. அதே குடும்பம் 12,000 மட்டும் கொடுத்தாலும் 4,97,800தான் மிஞ்சும். ஆகவே 4க்கும் 10க்கும் இடையில் எழுதுபவர் 10க்கே போய்விடலாம். 2024 ஏப்ரல் முதல் இந்த விலக்கு பிரிட்டனில் உள்ள அமைப்புகளுக்கு மட்டுமே.

இறந்த பின் நிறைவேற்றுநர்

புரோபேட் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் 1975 சட்டக் கோரிக்கை வர வேண்டும். வழக்கு மனுவைத் தாக்கல் செய்துவிட்டு எதிர்த்தரப்புக்குச் சேர்க்க மேலும் நான்கு மாதம் உண்டு. அதனால் கவனமான நிறைவேற்றுநர் பத்து மாதம் கழித்தே பணத்தைப் பிரிப்பார். காப்பகம் அவசரப்படுத்தினாலும் காத்திருக்க வேண்டும். முன்பே கொடுத்துவிட்டால் குறை அவர் கைப்பணத்தில் விழும்.

இன்னொன்று வீட்டை விற்பது. இறப்பின்போது 4,00,000 மதிப்பிட்ட வீடு 4,40,000க்கு விற்றால் லாபம் 40,000. நிறைவேற்றுநர் நிலையிலேயே விற்றால் 3,000 விலக்குப் போக 37,000க்கு 24 விழுக்காடு, அதாவது 8,880 பவுண்டு, மூலதன ஆதாய வரி. ஆனால் விற்பனை ஒப்பந்தம் பரிமாறும் முன், அந்த வீட்டை மீதிச் சொத்து பெறும் அமைப்புக்கு ஒதுக்கிவிட்டதாக எழுத்தில் பதிவுசெய்து, அதன் சார்பில் விற்றால் வரி இல்லை. அமைப்புக்கு அந்த வரி கிடையாது. ஒரு தாள், ஒரு கையெழுத்து. ஒப்பந்தம் ஆன மறுநாள் எழுதினால் எந்தப் பயனும் இல்லை.

உயில் எழுதுபவரின் சொந்த நாய் பூனை இதிலெல்லாம் எங்கே வரும்? ஆங்கிலச் சட்டத்தில் விலங்கு ஒரு பொருள். அதன் பேரில் பணம் எழுத முடியாது. காப்பகத்துக்குப் பணம் எழுதியதால் அது உங்கள் நாயை எடுத்துக்கொள்ளும் என்றும் அர்த்தமில்லை. ஆர்.எஸ்.பி.சி.ஏ. இதற்கென ஹோம் ஃபார் லைஃப் என்ற பதிவுத் திட்டம் வைத்திருக்கிறது. அதில் பதிந்து, உயிலில் தனி வாசகமாக விலங்கை ஒப்படைக்க வேண்டும். உயில் கண்டெடுக்கும் வரை இரண்டு வாரம் ஆகலாம். அந்த இடைவெளிக்கு அண்டை வீட்டாரிடம் சாவியும், பணப்பையில் வீட்டில் விலங்கு இருப்பதைச் சொல்லும் ஒரு அட்டையும் இருப்பது அவசியம்.

லண்டனில் வாழ்ந்து சென்னையில் வீடு வைத்திருப்பவருக்கு

முதல் குழப்பம் பெயரில் வரும். பிரிட்டனின் ப்ளூ கிராஸ் வேறு, சென்னையில் இயங்கும் இந்திய ப்ளூ கிராஸ் வேறு. 1959இல் கேப்டன் சுந்தரம் குடும்பத்தினர் தொடங்கியது அது. "ப்ளூ கிராஸுக்கு" என்று எழுதினால் பணம் எந்தக் கரைக்குப் போகும் என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டிவரும்.

இந்தியாவில் இந்து ஒருவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை யாருக்கும் எழுதலாம்; 1975 சட்டம் போன்ற பொது வாசல் இல்லை. ஆனாலும் 1956ஆம் ஆண்டு தத்து மற்றும் பராமரிப்புச் சட்டம், இறந்தவர் காப்பாற்றிய சிலரைச் சொத்திலிருந்து பராமரிக்க வாரிசுகளைக் கடமைப்படுத்துகிறது. கிறித்தவர்களுக்கு இருந்த தடை, நெருங்கிய உறவினர் இருந்தால் அறக்கொடையை இறப்புக்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதி வைக்க வேண்டும் என்ற விதி, 2003இல் ஜான் வல்லமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. பிரிட்டிஷ் குடிமகன் லண்டன் பணத்தை சென்னைக் காப்பகத்துக்கு எழுதினால், அந்தக் காப்பகத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கிப் பிரதானக் கிளையில் அதற்குரிய கணக்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பணம் அங்கே இறங்காது. பதிவு இருந்தாலும் பிரிட்டனின் வரிவிலக்கு கிடைக்காது.

ஆகவே இரண்டு நாட்டுச் சொத்துக்கு இரண்டு உயில் எழுதுவார்கள். அதில் ஒரு வரி எப்போதும் விபத்தில் முடிகிறது: "இதற்கு முந்தைய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்." சென்னையில் டைப் செய்யும் உயிலின் முதல் பத்தியில் அந்த வரி வழக்கமாக வந்துவிழும். லண்டன் உயில் அந்தக் கணமே போய்விடும், அதிலிருந்த காப்பகமும் சேர்ந்து. "இந்தியாவில் உள்ள சொத்து தொடர்பான முந்தைய உயில்களை மட்டும்" என்று திருத்தி, மறு உயிலிலும் அதற்கு இணையான சொற்களை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.